செல் சவ்வின் கொழுப்பும் ஏற்பிகளின் வேலையும்: வாசகர் கேள்விகளுக்கு விடைகள்

மருந்துகள் செல்லின் மேற்பரப்பில் வெளியிலிருந்து வரும் செய்திகளை ஏற்கும் ஏற்பிப் புரதங்களை எவ்வாறு சென்றடைகின்றன என்பதை விளக்கிச் சென்ற இதழில் ஒரு கட்டுரை வெளியாகியிருந்தது. அந்தப் புரதங்கள் ஒழுங்காக இயங்குவதற்குச் சவ்வில் கொலஸ்ட்ரால் இருந்தாக வேண்டும் என்று அதில் ஒரு வரி இடம்பெற்றது. அந்த ஒரு வரியைப் பற்றியே பல கடிதங்கள் வந்துள்ளன. அவற்றுள் சிலவற்றுக்கு இங்கே விடை அளிக்கிறோம்.

இரத்தப் பரிசோதனையில் கொலஸ்ட்ரால் அதிகம் என்று மருத்துவர் எச்சரித்ததால் உணவில் பலவற்றைக் குறைத்துக்கொண்டேன். நீங்களோ அது செல்லுக்கு இன்றியமையாதது என்று எழுதுகிறீர்கள். நான் எதை நம்புவது?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், கும்பகோணம்

இரண்டையும் நம்பலாம் ஐயா. மருத்துவர் ஓரிடத்தில் உள்ள கொலஸ்ட்ராலைப் பற்றிச் சொன்னார். நாங்கள் வேறோரிடத்தில் உள்ளதைப் பற்றி எழுதினோம். பரிசோதனைத் தாளில் நீங்கள் காணும் எண், எல்.டி.எல்., எச்.டி.எல். போன்ற துகள்களில் ஏறி இரத்தத்தில் பயணம் செய்துகொண்டிருக்கும் கொலஸ்ட்ராலின் அளவு. எல்.டி.எல். பல ஆண்டுகள் மிகுதியாக இருந்தால் அது தமனிச் சுவருக்குள் படிந்து மாரடைப்புக்கு வழிவகுக்கும் என்பதில் ஐயம் இல்லை. நாங்கள் குறிப்பிட்டது உடலின் ஒவ்வொரு செல்லையும் சூழ்ந்திருக்கும் மெல்லிய சவ்வுக்குள் அமைந்த கொலஸ்ட்ரால். அந்த வெளிச்சவ்வின் கொழுப்பு மூலக்கூறுகளில் ஏறத்தாழ மூன்றில் ஒன்று கொலஸ்ட்ரால்தான். அதே செல்லின் உள்ளே, புரதங்களும் கொழுப்புகளும் தயாராகும் எண்டோபிளாச வலையின் சவ்விலோ அது நூற்றுக்கு 5 என்ற அளவிலேயே உள்ளது. இந்த வேறுபாட்டைச் செல் இடைவிடாமல் கண்காணித்துக் காத்து வருகிறது. எனவே மருத்துவர் சொன்ன உணவுக் கட்டுப்பாட்டைத் தொடருங்கள். அதனால் உங்கள் செல்களின் சவ்வு வறண்டுபோகாது.

சவ்வு செல்லின் சுவர், ஏற்பி அதில் பதித்த கதவு, ஹார்மோன் அதைத் திறக்கும் சாவி என்று பள்ளியில் படித்தோம். சுவர் எதனால் ஆனது என்பது கதவின் வேலையை ஏன் பாதிக்க வேண்டும்?
– வங்கி ஊழியர், சேலம்

மழைக்காலத்தில் மரக்கதவு உப்பி நிலையோடு இறுகிக்கொள்ளும்போது, சாவி சரியாக இருந்தும் கதவு திறப்பதில்லை. நீங்கள் சொன்ன உவமையை அவ்வளவு தூரம் கொண்டுசென்றாலே கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடுகிறது. மீதிப் பாதிக்குச் சவ்வின் அமைப்பைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும்.

சவ்வு இரண்டு அடுக்குக் கொழுப்பு மூலக்கூறுகளால் ஆனது என்பதை 1925-இல் கோர்ட்டர், கிரெண்டல் என்னும் இரு டச்சு ஆய்வாளர்கள், இரத்தச் சிவப்பணுக்களிலிருந்து பிரித்தெடுத்த கொழுப்பைக் கொண்டு கணித்துச் சொன்னார்கள். 1972-இல் சிங்கர், நிக்கல்சன் இருவரும் முன்வைத்த பாய்ம மொசைக் மாதிரி, அந்த இரட்டை அடுக்கை ஒரு திரவமாகவும் புரதங்களை அதில் மிதப்பவையாகவும் காட்டியது. இன்றும் பாடநூல்களில் இருப்பது அந்தப் படமே. அந்தப் படம் அடிப்படையில் சரியானதுதான். ஆனால் கொழுப்பு வெறும் ஊடகம், வேலை முழுவதும் புரதத்தினுடையது என்ற எண்ணத்தை அது பல தலைமுறை மாணவர்களின் மனத்தில் பதியவைத்துவிட்டது என்பது என் கருத்து.

உடலில் மிகப் பெரிய ஏற்பிக் குடும்பமாகிய ஜி-புரதம் (ஏற்பியின் செய்தியைச் செல்லுக்குள் கடத்தும் புரதம்) இணைந்த ஏற்பிகளை எடுத்துக்கொள்வோம். மனித மரபணுத் தொகுதியில் இவை 800-க்கு மேல் உள்ளன. இன்று புழக்கத்தில் உள்ள மருந்துகளில் ஏறத்தாழ மூன்றில் ஒன்று இவற்றின் மீதுதான் செயல்படுகிறது. இவற்றை ஆராய்ந்ததற்காகவே லெஃப்கோவிட்ஸ், கோபில்கா இருவரும் 2012-இல் வேதியியல் நோபல் பரிசு பெற்றார்கள். இந்தப் புரதச் சங்கிலி சவ்வை ஏழு முறை ஊடுருவிச் செல்கிறது. அந்த ஏழு சுருள்களின் வெளிப்புறம் முழுவதும் கொழுப்பு மூலக்கூறுகளைத் தொட்டுக்கொண்டே இருக்கிறது. ஹார்மோன் வெளிப்பக்கத்தில் வந்து அமர்ந்ததும், உள்பக்கத்தில் ஆறாவது சுருள் வெளிநோக்கி நகர்ந்து, ஜி-புரதம் வந்து பொருந்துவதற்கு இடம் விடுகிறது. பீட்டா-2 அட்ரினலின் ஏற்பியில் இந்த நகர்வு சுமார் 1.4 நானோமீட்டர். சவ்வின் எண்ணெய்த்தன்மை கொண்ட நடுப்பகுதியின் தடிமனே 3 நானோமீட்டர் அளவுதான் என்பதோடு ஒப்பிட்டால் இது எவ்வளவு பெரிய அசைவு என்பது விளங்கும். புரதம் இவ்வாறு உருமாற வேண்டுமானால் சுற்றியுள்ள கொழுப்பு அதற்கு இடம் கொடுத்தாக வேண்டும். ஆகவே ஏற்பியின் இயக்கத்தில் சவ்வுக்குப் பங்கு இல்லாமல் இருக்க வழியே இல்லை.

கொலஸ்ட்ரால் இந்த இயக்கத்தில் இரண்டு வழிகளில் தலையிடுகிறது. முதலாவது பொதுவான வழி. நான்கு வளையங்கள் ஒட்டிய அதன் விறைப்பான உடல், பக்கத்தில் நெளிந்துகொண்டிருக்கும் கொழுப்பமிலச் சங்கிலிகளை நிமிர்த்துகிறது. அதனால் சவ்வு இறுகுகிறது, அதன் தடிமனும் கூடுகிறது. சவ்வின் தடிமனும் புரதச் சுருளின் நீளமும் பொருந்தாதபோது, சுருள் சாயும் அல்லது சுற்றியுள்ள கொழுப்பு வளையும். இரண்டுக்கும் ஆற்றல் தேவை. ஏற்பியின் உறங்கும் வடிவம், விழித்த வடிவம் இரண்டில் எது அந்தச் சவ்வில் எளிதாகப் பொருந்துகிறதோ, அதன் பக்கம் சமநிலை சாய்கிறது. இரண்டாவது, தனித்த வழி. ஏற்பியின் மேற்பரப்பில் உள்ள குறிப்பிட்ட பள்ளத்தில் கொலஸ்ட்ரால் மூலக்கூறே சென்று அமர்ந்துகொள்கிறது.

இந்த இரண்டு வழிகளும் உண்மையில் உள்ளன என்பதை 1997-இல் ஜெர்மனியின் மைன்ஸ் நகரில் ஜெரால்டு கிம்பிளும் அவருடைய சகாக்களும் செய்த ஆய்வு அழகாகப் பிரித்துக் காட்டியது. அவர்கள் ஆக்சிடோசின் ஏற்பி, கொலசிஸ்டோகைனின் ஏற்பி என்னும் இரண்டை எடுத்துக்கொண்டு, சவ்வின் கொலஸ்ட்ராலை அகற்றியும் அதன் இடத்தில் அதைப் போன்ற பிற ஸ்டீராய்டுகளை வைத்தும் சோதித்தார்கள். கொலசிஸ்டோகைனின் ஏற்பி, சவ்வு எவ்வளவு இறுக்கமாக இருக்கிறது என்பதற்கு ஏற்ப நடந்துகொண்டது; அந்த இறுக்கத்தைத் தந்தது எந்த மூலக்கூறு என்பது அதற்குப் பொருட்டாக இல்லை. ஆக்சிடோசின் ஏற்பியோ அப்படி இல்லை. கொலஸ்ட்ராலோ அதற்கு மிக நெருங்கிய வடிவமோ இருந்தால் மட்டுமே அது தன் ஹார்மோனை இறுகப் பற்றியது. ஒரே குடும்பத்தைச் சேர்ந்த இரண்டு ஏற்பிகள், ஒரே வகை மாற்றத்துக்கு இவ்வாறு வெவ்வேறாக விடையளித்தன.

2008-இல் பீட்டா-2 அட்ரினலின் ஏற்பியின் படிக அமைப்பு 2.8 ஆங்ஸ்ட்ராம் நுணுக்கத்தில் வெளியானபோது, முதல் நான்கு சுருள்களுக்கு இடையே உள்ள பள்ளத்தில் இரண்டு கொலஸ்ட்ரால் மூலக்கூறுகள் அமர்ந்திருப்பது தெளிவாகத் தெரிந்தது. அந்தப் பள்ளத்தை அமைக்கும் அமினோ அமிலங்கள் வேறு பல ஏற்பிகளிலும் காணப்படுவதால், கொலஸ்ட்ராலுக்கான பொது முகவரி கிடைத்துவிட்டது என்று அப்போது பலர் நம்பினார்கள். அதன்பின் வந்த அமைப்புகளில் கொலஸ்ட்ரால் வேறு பல இடங்களிலும் காணப்பட்டது. எனவே ஏற்பியின் அமினோ அமில வரிசையை மட்டும் படித்துக் கொலஸ்ட்ரால் எங்கே அமரும் என்று கூறிவிட முடியாது.

கொலஸ்ட்ராலை நீக்கியதும் ஏற்பி செயல் இழக்கிறது என்றால், சவ்வே குலைந்துபோனதால்கூட அது நேர்ந்திருக்கலாம் அல்லவா? நேரடித் தொடர்பு என்று எவ்வாறு முடிவு செய்கிறார்கள்?
– உயிர்வேதியியல் முதுகலை மாணவி, திருச்சிராப்பள்ளி

இந்தத் துறையின் மையத்தில் உள்ள கேள்வியையே கேட்டிருக்கிறீர்கள். இதற்கு மிகப் பொறுமையாக விடை தேடிய ஆய்வுக்குழுக்களில் ஒன்று நம் நாட்டில், ஐதராபாத்தின் உயிரணு மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தில், அமிதாப சட்டோபாத்யாய் தலைமையில் இயங்கிய குழு. அவர்கள் எடுத்துக்கொண்டது மனநிலையோடும் பதற்றத்தோடும் தொடர்புடைய செரட்டோனின் 1ஏ ஏற்பி. மாட்டு மூளையின் ஹிப்போகேம்பஸ் பகுதியிலிருந்து சவ்வுகளைப் பிரித்தெடுத்து, மெத்தில் பீட்டா சைக்ளோடெக்ஸ்ட்ரின் என்னும் வளைய வடிவச் சர்க்கரை மூலக்கூறால் கொலஸ்ட்ராலை மட்டும் உறிஞ்சி நீக்கினார்கள். ஏற்பி தன் மூலக்கூறைப் பற்றும் திறனும் ஜி-புரதத்தோடு இணையும் திறனும் குறைந்தன. கொலஸ்ட்ராலைத் திரும்பச் சேர்த்ததும் பற்றும் திறன் மீண்டது. 2004-இல் வெளியான இந்த முடிவோடு நின்றிருந்தால் உங்கள் ஐயம் அப்படியே இருந்திருக்கும்.

அவர்கள் நிற்கவில்லை. கொலஸ்ட்ராலைச் சவ்விலிருந்து அகற்றாமல், நிஸ்டாட்டின், டிஜிட்டோனின் போன்ற பொருள்களால் அதைக் கட்டிப்போட்டுப் பார்த்தார்கள்; அப்போதும் ஏற்பியின் திறன் குறைந்தது. பிறகு, கொலஸ்ட்ரால் நீக்கிய சவ்வில் அதற்குப் பதிலாக 7-டீஹைட்ரோகொலஸ்ட்ராலைச் சேர்த்தார்கள். உடல் கொலஸ்ட்ராலைத் தயாரிக்கும் பாதையில் அதற்கு முந்தைய படியில் இருக்கும் இந்த மூலக்கூறில் ஓர் இரட்டைப் பிணைப்பு கூடுதலாக உள்ளது; வேறு வேறுபாடு இல்லை. இதைச் சேர்த்தபோது சவ்வின் ஒழுங்கு பழைய நிலைக்குத் திரும்பியது, ஏற்பியின் திறனோ திரும்பவில்லை. சவ்வு குலைந்ததால்தான் ஏற்பி செயல் இழந்தது என்றால், சவ்வு சீரானதும் ஏற்பியும் சீராகியிருக்க வேண்டும். இந்த ஒரு சோதனை எனக்கு மற்ற எல்லாவற்றையும்விட வலிமையானதாகத் தோன்றுகிறது.

பின்னர் 2014-இல் இன்னும் நுணுக்கமாகச் சென்று, கொலஸ்ட்ராலுக்குப் பதிலாக இரண்டு மாற்று வடிவங்களை வைத்துச் சோதித்தார்கள். கொலஸ்ட்ராலின் கண்ணாடிப் பிம்பமாகிய வடிவம் ஒன்று. ஹைட்ராக்சில் தொகுதி மட்டும் எதிர்த்திசை நோக்கித் திரும்பிய எபிகொலஸ்ட்ரால் மற்றொன்று. கண்ணாடிப் பிம்ப வடிவத்தோடு ஏற்பி வேலை செய்தது, எபிகொலஸ்ட்ராலோடு வேலை செய்யவில்லை. தேர்வுக்குப் படிப்பவர்கள் இந்த முடிவைக் கவனமாக வாசிக்க வேண்டும். ஒரு நொதி தன் வினைப்பொருளின் கண்ணாடிப் பிம்பத்தைப் பொதுவாக ஏற்காது. இந்த ஏற்பி ஏற்றது. ஆகவே இது பூட்டும் சாவியும் போன்ற கண்டிப்பான பிணைப்பு அன்று. ஹைட்ராக்சில் எந்தக் கோணத்தில் நீட்டிக்கொண்டிருக்கிறது என்பதைச் சார்ந்த, சற்று நெகிழ்வான உறவு. 2021-இல் இதே ஏற்பியின் அமைப்பைக் குளிர்நிலை மின்னணு நுண்நோக்கி வழியாகச் சீன ஆய்வாளர்கள் வெளியிட்டபோது, அதைச் சுற்றிக் கொலஸ்ட்ரால் மூலக்கூறுகள் இருப்பதும், அரிபிப்ரசோல் என்னும் மனநல மருந்து அமரும் குழியின் வடிவத்தில் கொலஸ்ட்ராலுக்குப் பங்கு இருப்பதும் புலனாயின.

7-டீஹைட்ரோகொலஸ்ட்ராலைக் கடைசிப் படியில் கொலஸ்ட்ராலாக மாற்றும் நொதி பிறவியிலேயே பழுதாக இருக்கும் குழந்தைகளுக்கு ஸ்மித்-லெம்லி-ஓபிட்ஸ் நோய் உண்டாகிறது. 1964-இல் விவரிக்கப்பட்ட இந்த நோயின் வேதியியல் காரணம் 1993-இல்தான் தெரிந்தது. கால் விரல்கள் ஒட்டியிருத்தல், வளர்ச்சிக் குறை, அறிவுத்திறன் குறைபாடு ஆகியவை இதன் அறிகுறிகள். ஐதராபாத் ஆய்வின் பொருளை இந்தக் குழந்தைகளை நினைத்துக்கொண்டு படித்தால், ஓர் இரட்டைப் பிணைப்பு எவ்வளவு பெரிய செய்தி என்பது புரியும்.

அப்படியானால் சவ்வில் கொலஸ்ட்ரால் கூடக்கூட ஏற்பிகள் நன்றாக வேலை செய்யும் என்று கொள்ளலாமா?
– பொறியாளர், ஓசூர்

கொள்ளக்கூடாது. கண்ணின் விழித்திரையில் ஒளியை உணரும் ரோடாப்சினும் இதே குடும்பத்தைச் சேர்ந்த ஏற்பிதான். கொலஸ்ட்ரால் அதன் இயக்கத்தைத் தடுக்கிறது. ஒளி பட்டதும் ரோடாப்சின் சற்று விரிந்து மெட்டா-2 என்னும் செயல்நிலைக்கு வர வேண்டும். கொலஸ்ட்ரால் சவ்வை நெருக்கமாக அடைத்து, விரிவதற்கான வெளியைக் குறைத்துவிடுகிறது. எதிர்ப்பக்கம் இழுப்பது மீன் எண்ணெயில் நாம் கேள்விப்படும் டி.எச்.ஏ. என்னும் நெளிவான கொழுப்பமிலம். ரோடாப்சின் பதிந்திருக்கும் தட்டுச் சவ்வுகளின் பாஸ்போலிப்பிட்களில் கொழுப்பமிலங்களுள் கிட்டத்தட்ட பாதி டி.எச்.ஏ.தான். இந்தத் தட்டுகள் தங்கள் அடுக்கின் அடிப்பகுதியில் பிறந்து சுமார் 10 நாள்களில் நுனிக்கு நகர்கின்றன. அவ்வாறு நகரும்போது அவற்றின் கொலஸ்ட்ரால் படிப்படியாகக் குறைகிறது. ஒரே செல்லுக்குள் ஒரே ஏற்பி இளந்தட்டில் ஒரு விதமாகவும் முதிர்ந்த தட்டில் வேறு விதமாகவும் இயங்கும் சூழல் இவ்வாறு உருவாகிறது.

தசைகளில் நரம்பின் கட்டளையை ஏற்கும் அசிட்டைல்கோலின் ஏற்பி இதற்கு மறுகோடி. மின்சாரத் திருக்கை மீனிலிருந்து எடுத்த அந்த ஏற்பியைக் கொலஸ்ட்ராலோ எதிர்மின் கொழுப்போ இல்லாத செயற்கைச் சவ்வில் வைத்தால், அது அசிட்டைல்கோலினைப் பற்றிக்கொள்ளும். அயனி வழியைத் திறக்காது.

ஒற்றைக் கண்ணோடு பிறந்த ஆட்டுக்குட்டிகளுக்கும் கொலஸ்ட்ராலுக்கும் தொடர்பு உண்டு என்று படிக்கும் காலத்தில் கேட்டதாக நினைவு. விளக்க முடியுமா?
– கால்நடை மருத்துவர், நாமக்கல்

தொடர்பு உண்டு, அதன் முழு விளக்கம் கிடைக்க அறுபது ஆண்டுகள் ஆயின. 1950-களில் அமெரிக்காவின் ஐடாஹோ மாநிலத்தில் இத்தகைய குட்டிகள் பிறந்தன. சினை ஆடுகள் மலைப்புல்வெளியில் வெராட்ரம் கலிஃபோர்னிக்கம் என்னும் செடியை மேய்ந்ததே காரணம் என்பதும், அதில் உள்ள சைக்ளோபமைன் என்னும் ஸ்டீராய்டு அல்கலாய்டே குற்றவாளி என்பதும் பின்னர் தெரிந்தன. அந்த நச்சு, கருவில் முகமும் மூளையும் இரு பாதிகளாகப் பிரிந்து வளர்வதற்கு வழிகாட்டும் ஹெட்ஜ்ஹாக் என்னும் சமிக்ஞைப் பாதையை முடக்குகிறது. அது சென்று ஒட்டிக்கொள்ளும் இடம் ஸ்மூதென்ட் என்னும் ஏற்பி.

இந்த ஏற்பியைத் தூண்டும் இயற்கையான மூலக்கூறு எது என்பது நெடுங்காலம் புதிராக இருந்தது. 2016-இல் வெளியான அமைப்புகளும் சோதனைகளும், கொலஸ்ட்ராலே அதில் அமர்ந்து அதைத் தூண்டுகிறது என்பதைக் காட்டின. மற்ற ஏற்பிகளில் பின்னணியில் நின்று உதவிய மூலக்கூறு இங்கே தானே செய்தியாகிவிடுகிறது. பேட்ச்டு என்னும் வேறொரு புரதம், சாதாரண நேரங்களில் ஸ்மூதென்டுக்குக் கொலஸ்ட்ரால் எட்டாதபடி பார்த்துக்கொள்கிறது. ஹெட்ஜ்ஹாக் வந்து பேட்ச்டைப் பற்றியதும் அந்தத் தடை நீங்குகிறது. ஹெட்ஜ்ஹாக் புரதத்தின் ஒரு முனையிலேயே கொலஸ்ட்ரால் வேதிப் பிணைப்பால் இணைக்கப்பட்டிருக்கிறது என்பது 1996-இலேயே கண்டறியப்பட்டது. மேலே சொன்ன பிறவி நோயில் உடல் அமைப்பே மாறுவதற்கு இந்தப் பாதை நலிவதும் ஒரு காரணம். சைக்ளோபமைன் காட்டிய அதே ஏற்பியைத் தடுக்கும் விஸ்மோடெகிப் என்னும் மருந்து, தோலின் அடிச்செல் புற்றுநோய்க்காக 2012-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

என் கணவர் மாரடைப்புக்குப் பிறகு ஸ்டாடின் மாத்திரை எடுத்து வருகிறார். சவ்வின் கொலஸ்ட்ரால் குறைந்து அவருடைய மூளையின் ஏற்பிகள் பாதிக்கப்படுமா? மாத்திரையை நிறுத்தலாமா?
– இல்லத்தரசி, கோயம்புத்தூர்

மாத்திரையை நிறுத்த வேண்டாம் அம்மா. காரணத்தை விரிவாகவே சொல்கிறேன், ஏனெனில் இந்த அச்சம் பலருக்கும் இருக்கிறது.

ஸ்டாடின், கல்லீரல் செல்கள் கொலஸ்ட்ரால் தயாரிக்கும் பாதையில் ஒரு நொதியைத் தடுக்கிறது. உடனே அந்தச் செல்களின் எண்டோபிளாச வலையில் கொலஸ்ட்ரால் குறைகிறது. முதல் விடையில் சொன்ன நூற்றுக்கு 5 என்ற அளவு, உண்மையில் ஓர் எச்சரிக்கைக் கோடு. அதற்குக் கீழே இறங்கியதும் ஒரு காவல் புரதம் விழித்துக்கொண்டு, எல்.டி.எல். துகள்களைப் பிடித்து உள்ளே இழுக்கும் ஏற்பிகளைக் கூடுதலாகத் தயாரிக்கச் சொல்லி உட்கருவுக்குச் செய்தி அனுப்புகிறது. அந்த ஏற்பிகள் இரத்தத்திலிருந்து எல்.டி.எல்-ஐ இழுத்துக்கொள்கின்றன. எல்.டி.எல். ஏற்பியைக் கண்டறிந்து இந்தக் கட்டுப்பாட்டுக்கு அடிப்படை அமைத்த பிரவுன், கோல்ட்ஸ்டைன் இருவரும் 1985-இல் நோபல் பரிசு பெற்றார்கள். அதாவது, செல் தன் சவ்வின் தேவையை விட்டுக்கொடுக்க மறுப்பதால்தான் இரத்தத்தில் எண் குறைகிறது.

மூளையின் நிலை இன்னும் பாதுகாப்பானது. உடல் எடையில் ஏறத்தாழ 2 சதவீதமே உள்ள மூளையில் உடலின் கொலஸ்ட்ராலில் ஐந்தில் ஒன்றுக்கு மேல் இருக்கிறது. அதில் பெரும்பகுதி நரம்பிழைகளைச் சுற்றிய மையலின் உறையில் உள்ளது. இரத்தத்தின் எல்.டி.எல். மூளைக்குள் நுழைவதில்லை. மூளை தனக்கு வேண்டியதைத் தானே தயாரித்துக்கொள்கிறது.

ஸ்டாடின் வகை மருந்தை நீண்ட நாள் கொடுத்தபோது செரட்டோனின் 1ஏ ஏற்பியின் திறன் குறைந்தது என்று ஐதராபாத் குழுவினரே பதிவு செய்திருக்கிறார்கள் என்பது உண்மை. அந்தச் சோதனை ஆய்வகத்தில் வளர்த்த செல்களில் செய்யப்பட்டது. ஏற்பி கொலஸ்ட்ராலைச் சார்ந்திருக்கிறது என்பதை அது உறுதிப்படுத்துகிறது. மாத்திரை எடுக்கும் ஒரு மனிதரின் மூளையில் அதுவே நடக்கிறது என்று அது கூறவில்லை. சிலருக்கு மறதியோ குழப்பமோ ஏற்பட்டதாக வந்த புகார்களை ஏற்று, அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2012-இல் ஸ்டாடின் மருந்துக் குறிப்பில் ஓர் எச்சரிக்கையைச் சேர்த்தது. மருந்தை நிறுத்தியதும் அவை பொதுவாக நீங்கிவிடும் என்றும் அது குறிப்பிட்டது. உங்கள் கணவரிடம் அத்தகைய மாற்றம் ஏதேனும் தெரிந்தால் அவருடைய இதய மருத்துவரிடம் சொல்லுங்கள். வேறு ஸ்டாடினுக்கு மாற்றுவதா, அளவைக் குறைப்பதா என்பதை அவர் முடிவு செய்வார். ஒருமுறை மாரடைப்பு வந்தவர் தானாக மாத்திரையை விடுவதில் உள்ள ஆபத்து மிகப் பெரியது.

கொலஸ்ட்ரால் மட்டும்தானா? சவ்வின் மற்ற கொழுப்புகளும் ஏற்பிகளைப் பாதிக்கின்றனவா?
– மருந்தாளுநர், யாழ்ப்பாணம்

பாதிக்கின்றன, இதற்கே தனியாக ஒரு கட்டுரை வேண்டும். சவ்வின் உள்ளடுக்கில் மிகச் சிறிய அளவில் இருக்கும் பிப்-2 என்னும் எதிர்மின் கொழுப்பு, சில ஏற்பிகளின் உள்பக்கத்தில் ஒட்டிக்கொண்டு, அவை ஜி-புரதத்தோடு இணைந்த நிலையை உறுதிப்படுத்துகிறது என்று 2018-இல் நிறை நிறமாலைமானி கொண்டு காட்டினார்கள். வெளியடுக்கில் உள்ள ஜி.எம்-3 என்னும் சர்க்கரை இணைந்த கொழுப்பு, மேல்தோல் வளர்ச்சிக் காரணியின் ஏற்பியை அடக்கி வைக்கிறது. இன்சுலின் ஏற்பியையும் அது விட்டுவைப்பதில்லை: ஜி.எம்-3-ஐத் தயாரிக்கும் மரபணு நீக்கப்பட்ட சுண்டெலிகளில் இன்சுலினுக்கான உணர்திறன் கூடியிருந்ததை 2003-இல் வெளியான ஆய்வு காட்டியது.